அண்ணன் பத்திரிகைக்கு மட்டும் வேறு பேனை

நாகலெட்சுமி அக்காவுக்கு அந்த இரண்டு பேனைகளுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நன்றாகத் தெரியும். கடைக்காரர் எடுத்துக் காட்டி, எழுதிக் காட்டி, விளக்கமாகச் சொன்னார். பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். தெரிந்துகொண்டே செய்த காரியம் என்பதால்தான் அக்காவுக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

என் பெயர் துஷாந்த். தலவாக்கலை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறேன். டவுனுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் அக்காவும் நாங்களும் ஒரே லயம், ஒரே கூரைக்குக் கீழ் உள்ள வரிசை வீடுகள், அடுத்தடுத்த காம்பரா. நடுவில் ஒரு சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாத சுவர். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் என் அம்மா ‘நூறு’ என்பார். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி அந்தச் சுவருக்கு மேலாக வந்து காதில் விழுந்தது. நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை.

அக்காவுக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போவதற்கு முன்னால் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரைக்கும் பால் கரைத்து, துணி மாற்றி, தொட்டில் ஆட்டி, அழுகிறதை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிறதற்குச் சோறு ஊட்டுவது அக்காவின் பாடு. எங்கள் லயத்தில் இப்போது மீசை வைத்துத் திரிகிற அத்தனை பேரும் அந்த இடுப்பில் இருந்தவர்கள்தான். அதனால் யாரும் அவரிடம் வாலாட்ட முடியாது. நேற்றுவரை மூக்கு ஒழுக நின்றவன்தானே நீ என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவார்.

அதற்கு மேலே அவருக்கு இன்னொரு பெருமை உண்டு. கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவர். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டார். தங்கச்சி படிக்கட்டும் என்று அண்ணன் பொன்னையா ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டுக் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போனார். கொப்பி, பேனை எல்லாம் அண்ணன் அனுப்பியதுதான். தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் அந்தக் கொப்பிகளைப் புரட்டிப் பார்ப்பாராம். அவருக்கு வாசிப்பு அவ்வளவாக ஓடாது. ஆனாலும் எழுத்து வரிசையாக நிற்பதைப் பார்த்து, “அச்சடிச்ச மாதிரி இருக்கு” என்று கடைக்கார நண்பர்களிடம் எல்லாம் சொல்லிக்கொள்வாராம். இதை அக்கா எத்தனை தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. சண்டை போட்டுப் பேச்சு நின்ற காலத்திலும் சொல்லுவார். சொல்லிவிட்டு, “அந்தாளப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க” என்று நம்மையே அதட்டுவார், பேச்சை நாம் எடுத்த மாதிரி.

இந்தக் கையெழுத்தால் தோட்டத்தில் எந்த வீட்டில் கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்றாலும் பத்திரிகைக் கட்டு அச்சகத்திலிருந்து நேரே அக்கா வீட்டுக்கு வந்துவிடும். உறை மேலே பெயர் எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் பெயர் எழுதாத பத்திரிகை பத்திரிகையே இல்லை. அது வழியில் கண்ட ஆளுக்குக் கொடுப்பது. சிலர் இன்னும் மோசம். யாருக்கோ எழுதி அவர் ஊரில் இல்லாமல் மிஞ்சிப்போன பத்திரிகையை, பெயரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தோ பிளேட்டால் சுரண்டியோ எடுத்துவிட்டு, இன்னொருவர் தலையில் கட்டிவிடுவார்கள். வாங்குகிறவரும் லேசுப்பட்டவர் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தேய்த்த அடையாளம் தெரிந்துவிட்டால் அந்தக் கல்யாணத்துக்கு வரமாட்டார், அதற்குப் பிறகு அந்த வீட்டில் கேதம் விழுந்தால்கூட யோசித்துத்தான் வருவார்.

அக்கா எழுதுவதெல்லாம் சாதாரண நீலப் போல்பொயின்ட் பேனையில்தான். பெட்டிக்கடையில் கிடைக்கிற பேனை. “நம்ம ஊரு மழைக்கு இதுதான் சரி” என்பார். பத்திரிகை கொடுக்கப் போகிறவர்கள் பனியில் நனைந்து, பஸ்ஸில் நசுங்கி, லயம் லயமாக ஏறி இறங்கினாலும் அவர் எழுதிய பெயர் அசையாது.

இனி அண்ணன் தங்கச்சி சண்டைக்கு வருகிறேன். அவர்கள் அப்பா இறந்தது ஒரு பெருமழைக் காலத்தில். கரண்ட் இல்லை, போன் எடுபடவில்லை, கினிகத்தேனைப் பக்கம் மண்சரிந்து கொழும்பு ரோடு அடைந்துவிட்டது. அண்ணனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. ஐஸ் வைத்துப் பிணத்தைக் காக்கிற வசதி எல்லாம் தோட்டத்தில் ஏது? பெரியவர்கள் கூடிப் பேசி, இனிமேல் வைத்திருக்க முடியாது, எடுத்துவிடுவோம் என்றார்கள். மகன் செய்ய வேண்டிய காரியத்தை மருமகன் ஆண்டியப்பன், அதாவது அக்காவின் கணவர், செய்தார். எல்லோரும் குழிமேட்டிலிருந்து திரும்பி வந்து கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போது பொன்னையா வந்து நின்றார். ரோடு அடைந்த இடத்தில் இறங்கி, சேற்றில் நடந்து, கிடைத்த வண்டியில் ஏறி வந்திருக்கிறார். முழங்கால்வரை மண். “அப்பா மொகத்தக்கூட பாக்க விடாம எடுத்திட்டியா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அக்கா அழுதுகொண்டு நின்றாராம். ஆண்டியப்பன்தான் நடுவில் புகுந்து, “நேரத்துக்கு வந்திருக்கணும்” என்று ஒரு சொல் விட்டார். அவ்வளவுதான். அன்றைக்குப் போன பொன்னையா திரும்பி வரவில்லை. கொழும்பு வேலையையும் விட்டுவிட்டு, லிந்துலைப் பக்கம் மனைவி ஜீவராணியின் தோட்டத்திலேயே தங்கி, கரட்டும் லீக்ஸும் போட்டுப் பிழைத்துக்கொண்டார். தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் எவ்வளவு தூரம்? ஆட்டோவில் ஏறி ஒரு பாட்டு இரண்டு பாட்டுக் கேட்பதற்குள் போய்விடலாம். இருந்தும் வருடக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இப்படியிருக்கும்போது அக்காவின் மகள் தனுஷிகாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை இறம்பொடைப் பக்கம், டுபாயில் ஹோட்டல் வேலை. வைகாசியில் முகூர்த்தம், தலவாக்கலை டவுனில் மண்டபம். வீட்டில் எல்லோரும் நகை, சமையல், பந்தல் என்று பேச, அக்காவுக்கு ஒரே ஒரு கவலைதான். மாலை எடுத்துக் கொடுத்துப் பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டியவர் தாய்மாமன். அந்த இடத்தில் அண்ணன் நிற்க வேண்டும். அவர் நின்றுவிட்டால் பழையதெல்லாம் தீர்ந்துவிடும் என்று அக்கா நம்பினார். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது.

அழைப்பிதழில் தாய்மாமன் என்று பொன்னையாவின் பெயரை அச்சில் போடலாமே என்று நான் கேட்டேன். “கேக்காம போட்டா, என் பேர எவன் போடச் சொன்னான்னு கேட்டாருன்னா? மொதல்ல போயி கூப்பிடணும். அவரு சரின்னு சொல்லணும்” என்றார். ஆகவே அண்ணன் பெயர் வரக்கூடிய ஒரே இடம் அந்த உறைதான்.

எல்லாப் பத்திரிகைக்கும் அக்கா தன் வழக்கமான போல்பொயின்டில்தான் பெயர் எழுதினார். அண்ணனுடையதைக் கடைசிக்கு வைத்திருந்தார். இந்த முறை அச்சகத்தில் தேர்ந்தெடுத்த உறை வழவழப்பானது. போல்பொயின்ட் அதில் சறுக்கும். ஒரு கோடு விழும், அடுத்தது விழாது. அமத்தினால் பள்ளம் விழுமே தவிர மை இறங்காது. மற்றவர்கள் பெயரை எல்லாம் இரண்டு தரம் மூன்று தரம் இழுத்து எப்படியோ எழுதி முடித்துவிட்டார். அண்ணன் பெயரில் வந்ததும் மனம் கேட்கவில்லை. முதல் உறையைக் கெடுத்தார், இரண்டாவதையும் கெடுத்தார். “அண்ணே பேரு கீறிக் கீறி எழுதுன மாதிரி இருக்கக்கூடாது தம்பி” என்று என்னையும் இழுத்துக்கொண்டு டவுனுக்கு வந்தார்.

நூர்தீன் நானாவின் புத்தகக் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேனை, பென்சிலிலேயே தலை நரைத்த மனிதர். அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு மூடி போட்ட ஒரு கறுப்புப் பேனையை எடுத்து மேசையில் வைத்தார்.

“தங்கச்சி, நீங்க எழுதுறது போல்பொயின்ட். அதுல மை எண்ணெ மாதிரி கெட்டி. நீங்க அமத்தணும், அது மெல்ல மெல்லத்தான் எறங்கும். எறங்கிட்டா எழும்பாது. இது ரோலர். முனையில அதே குண்டுதான் இருக்கு, ஆனா மை தண்ணி மாதிரி. சும்மா வச்சா போதும், தானா ஓடும்.”

ஓர் உறையில் வைத்து இழுத்துக் காட்டினார். கறுப்பு அப்படியே மினுங்கிக்கொண்டு விழுந்தது. அக்கா கண்ணை எடுக்கவில்லை.

“ஆனா ஒண்டு சொல்லிட்டன். காய நேரம் குடுக்கணும். காஞ்சாலும் தண்ணி காட்டக்கூடாது. தண்ணி பட்டாலும் போகாத மையில இந்த மாதிரி பேனை வருது, என்கிட்ட இப்ப இல்ல. யாருக்கு எழுதுறீங்க?”

“எங்க அண்ணனுக்கு நானா.”

“கையில குடுப்பீங்கதானே?”

“கையிலதான் குடுப்பேன். அவரு கையிலயே குடுப்பேன்.”

“அப்ப பயமில்ல” என்றார் நானா. அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து அக்கா எழுதியதை நானே பார்த்தேன். ‘அண்ணன் பொன்னையா குடும்பத்தினருக்கு’ என்று எழுதி, கீழே சற்றுச் சின்னதாக ‘தாய்மாமன்’ என்று போட்டிருந்தார். உண்மையிலேயே அச்சடித்த மாதிரிதான் இருந்தது. ஊதி ஊதிக் காயவைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்து நாங்கள் லிந்துலைக்குப் போனோம். சித்திரை கடைசி, மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும் காலம். அக்கா தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு எல்லாம் வைத்து மடியில் ஏந்தியிருந்தார். ஆண்டியப்பன் பக்கத்தில் இருந்தார். அவருக்கு வர விருப்பமில்லை. ஆனாலும் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து போய் அழைப்பதுதான் முறை என்று அக்கா பிடிவாதம் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். லிந்துலை டவுன் தாண்டியதும் தூறல் தொடங்கிவிட்டது. நான் ஸீட்டுக்குக் கீழே இருந்த ஒரு பிளாஸ்டிக் சிலிசிலி பேக்கை எடுத்து நீட்டினேன்.

“பத்திரிகைய இதுக்குள்ள போடுங்க அக்கா. நானா சொன்னது மறந்திருச்சா?”

“போடா. மஞ்ச வச்ச பத்திரிகைய மீன் வாங்குற பேக்குல போட்டுக் குடுக்கவா? அவரு என்ன நெனப்பாரு?” என்று முந்தானைக்குள் செருகிக்கொண்டார்.

பொன்னையாவின் லயத்தில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. மழைக் குளிருக்கு எல்லோரும் உள்ளே முடங்கியிருந்தார்கள். பொன்னையாவின் கதவில் பூட்டு. மகளை ரயிலேற்ற நானுஓயாவுக்குப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியும். நாங்கள் அந்த இஸ்தோப்பில், காம்பராவுக்கு முன்னால் உள்ள ஒடுக்கமான விறாந்தையில், நின்றுகொண்டிருந்தோம். நின்றோம், நின்றோம், கால் விறைத்துப்போகும்வரை நின்றோம்.

“போன் அடிங்க அக்கா” என்றேன்.

“தாய்மாமன போன்ல கூப்பிடுறதா? அந்த மாதிரி வழக்கம் எங்க வீட்டுல இல்ல.”

வழக்கம் ஒன்றும் இல்லை, பயம். எடுத்துப் பேசாமல் வைத்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். நம்பர் அக்காவின் போனில் இருந்தது; பெருவிரலால் திரையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு மடியில் போட்டுக்கொண்டார். பக்கத்துக் காம்பராவில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றேன். தாய்மாமன் பத்திரிகை அடுத்தவர் கை மாறக்கூடாதாம். கதவுக்குக் கீழே தள்ளிவிடலாம் என்றேன். கரண்ட் பில்லா அது, கீழே தள்ளுவதற்கு என்று சீறினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மழையில் அந்த ரோட்டில் திரும்பி இறங்க வேண்டியவன் நான்தானே.

“வந்தாச்சு. வச்சிட்டுப் போவோம்” என்றார் ஆண்டியப்பன், அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்து.

இஸ்தோப்பில் உட்காருகிற வாங்குப் பலகை ஒன்று கிடந்தது. அக்கா அதைத் தன் முந்தானையால் துடைத்தார். வெற்றிலையை வரிசையாக அடுக்கினார். நீர் தெளித்துக் கொண்டுவந்த வெற்றிலை, இன்னும் ஈரம் காயவில்லை. அதன் மேல் பத்திரிகையை, பெயர் மேலே தெரியும்படி வைத்தார். காற்றில் பறக்காமல் ஓரத்தில் வாழைப்பழத்தை வைத்தார். பிறகு கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். திரும்பி வரும்போது அவர் முகம் அப்படித் தெளிந்திருந்தது.

“உள்ள என்ன போட்டிருக்குன்னு அவரு வாசிக்கத் தேவையில்ல. அந்த எழுத்தப் பாத்தா போதும். தங்கச்சின்னு தெரிஞ்சிரும்.”

கீழே ஈர வெற்றிலை, மேலே காற்றில் அடித்து வருகிற சாரல், அதற்கு நடுவில் தண்ணீர் மையில் எழுதிய பெயர். எனக்கு அப்போது உறைக்கவில்லை. அக்காவுக்காவது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அவர் நினைப்பெல்லாம் அண்ணன் பூட்டைத் திறக்கிற நேரத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு முகூர்த்தம்வரைக்கும் அக்கா போனைக் கையை விட்டு வைக்கவில்லை. பிள்ளைக்காம்பராவில் குழந்தை மூத்திரம் போனால்கூட ஒரு கையில் போனோடுதான் துடைத்தார். போன் வரவில்லை. “வருவாரு. சொல்லாம கொள்ளாம வந்து நிப்பாரு பாரு, அதுதான் அவரு கொணம்” என்று எல்லோருக்கும் சொன்னார்.

கல்யாணத்தன்று காலை முழுக்க நான் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தபோது ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டு, “கொஞ்சம் பொறுங்க சாமி, வந்துருவாரு” என்றார். ஐயர் பொறுத்தார். இன்னொரு தரம் கூப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் முணுமுணுப்புக் கிளம்பியது. கடைசியில் முதல் பந்திக்கு இடம் பிடித்து உட்கார்ந்திருந்த அக்காவின் சித்தப்பா மகன் பழனியாண்டியை எழுப்பி வந்து மாலையைக் கையில் கொடுத்தார்கள். அந்த மனிதருக்கு எந்தக் கையால் கொடுப்பது என்றுகூடத் தெரியவில்லை. தனுஷிகா தலையைக் குனிந்துகொண்டு அவரோடு மணவறைக்கு நடந்தாள். கெட்டிமேளம் அடிக்கும்போது எல்லோரும் அட்சதையைத் தூக்கிப் போட்டார்கள். அக்காவின் கை மட்டும் மூடியபடியே இருந்தது.

அன்றிலிருந்து அக்காவின் பேச்சே மாறிவிட்டது. “மஞ்ச வச்சு, வெத்தல வச்சு, அவரு பேர எழுதி வச்சிட்டு வந்தேன். எம்புள்ள கல்யாண வாசல மிதிக்கல. இனி எனக்கு அண்ணே இல்ல” என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். பகலில் அப்படிப் பேசிவிட்டு, ஆண்டியப்பன் வேலைக்குப் போனதும் தனியே இருந்து மூக்கை உறிஞ்சுவது சுவருக்கு மேலாக எங்களுக்குக் கேட்கும். தனுஷிகாவும் மாப்பிள்ளையோடு டுபாய்க்குப் போய்விட்டாள். வீடு இன்னும் வெறிச்சோடிப்போனது.

சில மாதங்கள் கழித்து லிந்துலையில் ஒரு பெண் இரண்டு மூட்டை லீக்ஸோடு என் ஆட்டோவில் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும், “நீங்க எங்க நாத்தனா லயத்து ஆளுதானே?” என்று கேட்டார். ஜீவராணி. பொன்னையாவின் மனைவி. நான் ஆமாம் என்றதுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்.

“ஊரெல்லாம் சொல்லித் திரியிறாங்களாமே, கூப்பிட்டும் வரலன்னு. யாருக்கோ எழுதுன கார்டு. அந்தப் பேர தண்ணி தொட்டு அழிச்சிட்டு, ஆளில்லாத நேரம் பாத்து வாங்குல போட்டுட்டுப் போயிருக்காங்க. இதுதான் தாய்மாமனுக்கு வக்கிற பத்திரிகையா? அவரு அத வெளிச்சத்துல புடிச்சுப் புடிச்சுப் பாத்தாரு. ஒரு எழுத்தாவது தெரியுதான்னு பாத்தாரு. அன்னைக்குச் சோறே திங்கல.”

ஆட்டோவை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். அழித்தது மழை, ஈர வெற்றிலை என்று அந்த இடத்திலேயே சொன்னேன். ஜீவராணி என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. “அப்படியும் ஒரு பேனை இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

அவரை இறக்கிவிட்டு நான் நேரே பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். அக்கா ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அந்தத் தட்டு நின்றுபோனது. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், மிஞ்சிய உறை ஒன்றையும் அந்தக் கறுப்புப் பேனையையும் கொண்டுவந்தார். அண்ணன் பெயரை எழுதி, நன்றாகக் காயவிட்டு, பால் போத்தல் கழுவுகிற தண்ணீரில் விரலை நனைத்து மேலே வைத்தார். பெயர் கரைந்து சாம்பல் நிறத்தில் பரவியது. துணியால் ஒற்றியபோது யாரோ வேண்டுமென்றே தேய்த்து எடுத்த மாதிரியேதான் இருந்தது.

“எல்லாருக்கும் சாதா பேனையில எழுதுனேன். ஒருத்தர் பேரும் போகல” என்றார். “வேண்டாதவனுக்கெல்லாம் எழுதுனது அப்படியே இருக்கு. இவருக்கு மட்டும் ஆசையா எழுதுனேன், அது போயிருச்சு.” குழந்தைகள் விழித்துவிடும் என்றுகூடப் பார்க்காமல் சத்தம் போட்டு அழுதார்.

என்னைக் கேட்டால் பேனை மேல் பாதிப் பழிதான் போடுவேன். மீதியை அந்த இரண்டு பேரின் போன் மேல்தான் போடுவேன். அவர் நம்பர் இவரிடம் இருந்தது, இவர் நம்பர் அவரிடம் இருந்தது. இதை அக்காவிடம் அப்போது சொல்லவில்லை. சொல்கிற நேரமா அது? ஆனால் அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். இரண்டாவது மணி அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். “அண்ணே, நாகு பேசுறேன்” என்றார். அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று என் காதில் விழவில்லை. அக்கா, “இப்பவே வாறேன்” என்றார்.

பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு என் ஆட்டோவிலேயே லிந்துலைக்குப் போனோம். பொன்னையா வாய்க்கால் ஓரத்தில் கரட் கழுவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அக்கா அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். வழவழப்பான உறையை, சறுக்கின பேனையை, நானா சொன்னதை, வெற்றிலை ஈரத்தை. தண்ணீர் பட்ட உறையையும் நீட்டிக் காட்டினார். பொன்னையா ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கி, நெடுநேரம் பார்த்தார்.

“இப்படித்தான் இருந்திச்சு” என்றார். “அதுல எம்பேருதான் இருந்திச்சா?”

“ஒங்க பேருதாண்ணே. தாய்மாமன்னும் எழுதியிருந்தேன்.”

அவர் தலையை ஆட்டினார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“அழிச்ச கார்டா இருந்தா என்ன, மருமகளுக்குக் கல்யாணமாச்சேன்னு மனசு கேக்கல. ஒங்க அண்ணிகிட்டகூட சொல்லாம, சீலையும் மாலையும் வாங்கிக்கிட்டு வந்தேன். மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம், பஸ் ஸ்டாண்டுல நின்னேன். பேரில்லாத கார்டக் கையில வச்சிக்கிட்டு உள்ள வந்தா, நீ யாருன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு கூச்சமா இருந்திச்சு. நம்மாளு எவனாவது வெளிய வந்து பாத்தான்னா கூப்பிடுவான்னு நின்னேன். மேளம் கெட்டியா அடிச்சிச்சு. சரி, தாலி ஏறிருச்சுன்னு, மாலைய அங்க இருந்த பிள்ளையாருக்குப் போட்டுட்டு வந்துட்டேன்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

“நீ கூப்பிட்டுத்தான் இருக்க, தங்கச்சி. நானும் வந்துதான் இருந்தேன்” என்றார் பொன்னையா.

அக்கா அந்த ஈரக் கை இரண்டையும் இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார்.

“நான் வாசலயேதான் பாத்துக்கிட்டு நின்னேண்ணே. ரெண்டடி வெளிய வந்து ரோட்ட பாக்கல. பாக்காம விட்டுட்டேனே அண்ணே.”